காயம் ஆறியும் போகாத நரம்பு வலி: புரிந்துகொண்டு சிகிச்சை பெற ஒரு முழுமையான வழிகாட்டி

புண் ஆறிவிட்டது. தையல் பிரித்தாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பும் கூடியிருக்கிறது. ஆனால் வலி மட்டும் போகவில்லை. அதன் குணமே மாறிவிட்டது. எரிகிறது, திடீரென்று ஷாக் அடிக்கிறது, சட்டைத் துணி உரசினாலே துடிக்க வைக்கிறது. பார்ப்பவர்களோ "எல்லாம்தான் ஆறிவிட்டதே" என்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்; மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நரம்புக் காயத்தில் இரண்டு கணக்குகள் தனித்தனியே ஓடுகின்றன. நரம்பு மறுபடி வளர்ந்து வேலை செய்கிறதா என்பது ஒன்று. வலி தணிகிறதா என்பது மற்றொன்று. வலி குறைந்துகொண்டே வரும்போது தசை சூம்பிக்கொண்டே போகலாம். நரம்பு நன்றாக வளர்ந்துவரும் காலத்திலேயே சுருக் சுருக்கென்ற வலி கூடலாம். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால், வலி குறைந்துவிட்டதே என்று சிலர் அறுவை சிகிச்சைக்கான நேரத்தைத் தவறவிடுகிறார்கள். வலிக்கிறதே என்று வேறு சிலர் தேறிவரும் கையை அசைக்காமல் வைத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பொறுத்திருக்கக் கூடாத நிலைகள்

கத்தியோ கண்ணாடியோ கிழித்த காயத்துக்குக் கீழே தோல் மரத்துப்போயிருந்தால், அல்லது ஒரு விரலை மடக்கவோ நீட்டவோ முடியாமல் போனால், நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். மேல்தோலைத் தைத்தால் மட்டும் போதாது. சுத்தமாக வெட்டுப்பட்ட நரம்பைச் சில நாட்களுக்குள் இணைக்கும்போதுதான் பலன் நன்றாக இருக்கும். தையல் போடும் மருத்துவரிடம் "இங்கே உணர்ச்சி இல்லை" என்று நீங்களே சொல்லுங்கள்.

எலும்பு முறிந்த பிறகோ நசுங்கிய பிறகோ கை, கால் விறைத்து வீங்கி, காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வலி ஏறி, விரலைப் பிறர் மெல்ல நீட்டிவிட்டாலே தாங்க முடியாமல் போகிறதா? தசைகளை இறுக்கமாகப் பொதிந்திருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறுவதாகச் சந்தேகிக்க வேண்டும். இங்கே மணி நேரங்கள்தான் முக்கியம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகில் அடிபட்ட பின் சிறுநீர் பிரியாமல் போவது, ஆசனவாய்ப் பகுதியிலும் பிறப்புறுப்பிலும் உணர்ச்சி குறைவது, இரண்டு கால்களும் தளர்வது ஆகியவையும் அதே அளவு அவசரம். நாளுக்கு நாள் கூடும் பலவீனம், காய்ச்சல், சீழ் ஆகியவற்றுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது.

முதல் படி: நரம்புக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வது

நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1943-ல் ஹெர்பர்ட் செடன் வகுத்தார். 1951-ல் சிட்னி சண்டர்லாந்து அதை ஐந்து நிலைகளாக விரித்தார். நோயாளிக்கு அந்த மூன்றே போதும்.

லேசானது: நரம்பு அழுந்தி, செய்தி கடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறது, இழை அறவில்லை. பெரும்பாலும் சில நாட்களிலிருந்து 12 வாரங்களுக்குள் சரியாகிவிடும். நடுத்தரமானது: உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துவிட்டன, உறை மிஞ்சியிருக்கிறது. அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள இழைப் பகுதி சிதைந்துபோகும். அகஸ்டஸ் வாலர் 1850-லேயே விவரித்த மாற்றம் இது. பிறகு புதிய இழை அந்த உறைக்குள்ளேயே வளர்ந்து வரும். மோசமானது: உறையும் சேர்ந்து அறுந்துவிட்டது, அல்லது நடுவே தழும்பு அடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சை இல்லாமல் இது தேறுவதில்லை.

வளரும் வேகம் ஏறத்தாழ ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். மணிக்கட்டில் அடிபட்ட நரம்பு விரல் நுனியை எட்டுவதற்கே பல மாதங்கள் ஆகும். மேற்கையில் அறுந்த நரம்பு 40 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் உள்ளங்கைத் தசையைச் சென்றடைய 400 நாட்கள் வேண்டும். ஆனால் நரம்புத் தொடர்பை இழந்த தசை ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களுக்குப் பிறகு மீள முடியாதபடி மாறிவிடுகிறது. அதனால்தான் மேற்பகுதிக் காயங்களில் "ஒரு வருடம் பார்ப்போம்" என்ற பேச்சு ஆபத்தானது. தோல் கிழியாத காயமாக இருந்தாலும், 3 மாதங்களில் தசை அசைவு திரும்புவதற்கான எந்த அறிகுறியும் இல்லையென்றால் நரம்பு அறுவை சிகிச்சையில் அனுபவமுள்ளவரைப் பார்த்தே ஆக வேண்டும். வலி குறைந்துவிட்டது என்பது இதைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

அப்படியென்றால் வலி எங்கிருந்து வருகிறது? அடிபட்ட இழைகளில் சோடியம் நுழையும் வாய்கள் தாறுமாறாகக் குவிகின்றன. யாரும் தொடாமலே அந்த இழைகள் செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. வழி தெரியாமல் சுருண்டு வளர்ந்த இழைகள் ஒரு முடிச்சாகி, தட்டினால் ஷாக் அடிக்கும். இடைவிடாமல் வரும் செய்திகளால் தண்டுவடமும் கூர்மையடைந்து, சாதாரணத் தொடுகையையே வலியாக மேலே அனுப்புகிறது. இந்தக் கடைசி மாற்றம்தான் புண் ஆறிய பிறகும் வலியை நீடிக்க வைக்கிறது. காயம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து வலி எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாததற்கும் இதுவே ஒரு காரணம். சிறிய வெட்டு ஆளையே முடக்கலாம். முழுதாக அறுந்த நரம்பு வலியே தராமலும் இருக்கலாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் குண்டு பட்டு நரம்பு சேதமான வீரர்களை சைலஸ் வெயர் மிட்செல் கவனித்து, 1864-ல் சக மருத்துவர்களுடன் நூலாக வெளியிட்டார். எரிச்சல் தாங்காமல் அவர்கள் கையை எப்போதும் ஈரத்துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். காகிதம் சரசரக்கும் சத்தம்கூடச் சிலருக்கு வலியைக் கூட்டியது. இந்த வலி மனக் கற்பனை என்று இன்று யாராவது உங்களிடம் சொன்னால், நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

இரண்டாம் படி: இது நரம்பு வலிதானா?

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு எளிய வினாத்தாளில் 10 அம்சங்கள் இருக்கின்றன. எரிச்சல், வலிக்கும் அளவுக்குக் குளிர்ச்சி, மின்சாரம் பாய்வது போன்ற தாக்கு. அதே இடத்தில் ஊர்வது போன்ற கூச்சம், ஊசி குத்தல், மரத்துப்போதல், அரிப்பு. இந்த ஏழையும் நோயாளியே சொல்லலாம். மீதி மூன்றும் பரிசோதனையில் தெரிபவை: தொடு உணர்ச்சி குறைவு, குத்தும் உணர்ச்சி குறைவு, மென்மையாக வருடினாலே வலிப்பது. 10-ல் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பஞ்சு நுனியால் முதலில் நல்ல பக்கத்தையும் பிறகு வலிக்கும் பக்கத்தையும் வருடிப் பாருங்கள். உணர்ச்சி மாறும் எல்லையைத் தோலில் பேனாவால் வரைந்து, புகைப்படம் எடுத்து, தேதி எழுதிவையுங்கள். மருத்துவரிடம் அரை மணி நேரம் விளக்குவதைவிட இந்தப் படம் அதிகம் சொல்லும். அந்த எல்லை ஒரு குறிப்பிட்ட நரம்பின் பரப்போடு பொருந்தினால், எந்த நரம்பு என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: சோதனைகள், அவற்றின் எல்லைகள்

நரம்பு வழியே மின்செய்தி கடத்தப்படும் வேகத்தையும் தசையின் மின் செயல்பாட்டையும் அளக்கும் சோதனைகளே அடிப்படை. இவற்றை அவசரப்பட்டு முதல் சில நாட்களிலேயே செய்தால் ஏமாற்றும். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி முழுதாகச் சிதையும்வரை மின்சாரத்தைக் கடத்திக்கொண்டேதான் இருக்கும். தசைக்குள் ஊசி செலுத்திப் பார்க்கும் சோதனையில் மாற்றம் தெரிய ஏறத்தாழ 3 வாரங்கள் ஆகும். இன்னொரு எல்லையும் உண்டு: இந்தச் சோதனைகள் தடித்த இழைகளை மட்டுமே அளக்கின்றன; வலியையும் வெப்பத்தையும் கடத்தும் மெல்லிய இழைகளை அவை காண்பதில்லை. எனவே "ரிப்போர்ட் நார்மல்" என்பதற்கு "நரம்பு வலி இல்லை" என்று பொருளல்ல. அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்ற கேள்வி எழும்போது அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் உதவும். சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும் தேவை. இவற்றில் குறை இருந்தால் நரம்பு தேறுவதும் தாமதமாகும்.

நான்காம் படி: இரண்டு பத்தி நோட்டுப் புத்தகம்

இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். சிகிச்சையில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இதையே நம்பியிருக்கிறது.

இடப்பக்கம் நரம்பின் நிலை; வாரம் ஒரு முறை போதும். எந்த அசைவு முடிகிறது, உணர்ச்சியற்ற பகுதியின் எல்லை எங்கே, நரம்பின் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு போனால் எந்த இடத்தில் சுருக்கென்கிறது என்று எழுதுங்கள். 1915-ல் ஜூல் டினெல் விவரித்த அறிகுறி இது. அந்தச் சுருக்கெனும் இடம் மாதத்துக்கு மாதம் விரலை நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது. ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தழும்பு தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். எங்கே தட்டுவது என்பதை ஒரு முறை பிசியோதெரபி நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வலப்பக்கம் வலி: தினமும் சராசரி வலி 0 முதல் 10 வரை, தூங்கிய நேரம், வலியால் செய்ய முடியாமல் போன ஒரு வேலை. 0 வரும் என்று காத்திருக்க வேண்டாம். வலி 30 சதவீதம் குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம்; 7 என்பது 5 ஆனாலே தூக்கம் திரும்பலாம்.

ஐந்தாம் படி: மருந்துகள்

பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் அடிபட்ட திசுவிலிருந்து வரும் சாதாரண வலிக்கானவை. நரம்பு வலியில் அவற்றால் பெரிய பயன் இல்லை. இபுப்ரோஃபெனை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். வலி அப்படியே இருக்கும். அளவைக் கூட்டிக் கூட்டி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

2015-ல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகள் முதல் வரிசையில் வைத்தவை மூன்று வகைகள்.

முதலாவது அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் போன்றவை. மனச்சோர்வுக்கென்று உருவாக்கப்பட்ட மருந்துகள். சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததும் "எனக்கு மனநோய் என்கிறார்களா" என்று கலங்க வேண்டாம். மனச்சோர்வுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த அளவிலேயே இவை தண்டுவடத்தில் வலியை அடக்கும் பாதைகளுக்கு வலுவூட்டுகின்றன. இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல மெல்ல, பொதுவாக 75 வரை ஏற்றுவார்கள். தூக்கம் வராதவர்களுக்கு இது கூடுதல் நன்மை. வாய் உலர்தல், மலச்சிக்கல், காலையில் மந்தம் வரலாம். இதயத் துடிப்புக் கோளாறு, ஒரு வகைக் கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உள்ளவர்களும் முதியவர்களும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது டுலோக்செட்டின். 30 மில்லிகிராமில் தொடங்கி 60-க்குப் போவார்கள். முதல் வாரத்துக் குமட்டல், உணவுக்குப் பின் எடுத்தால் குறையும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

மூன்றாவது கபாபென்டின், ப்ரிகாபலின். நரம்பு முனைகளில் உள்ள கால்சியம் வாயின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு, வலிச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் வெளியேறுவதைக் குறைக்கின்றன. கபாபென்டின் பொதுவாக நாளுக்கு 1200 முதல் 3600 மில்லிகிராம் வரை, மூன்று வேளைகளாகப் பிரித்து. ப்ரிகாபலின் 150 முதல் 600 வரை. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை கூடுதல் ஆகியவை பக்க விளைவுகள். இரண்டும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். மதுவோடும், அபின் வகை வலி மருந்துகளோடும், தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்கு மந்தமாகலாம்.

எதிர்பார்ப்பை நேர்மையாக வைத்துக்கொள்வோம். எல்லா வகை நரம்பு வலி ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், அமிட்ரிப்டிலின் வகையை ஏறத்தாழ 4 பேருக்குக் கொடுத்தால், ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்தில்லாத போலி மாத்திரையில் கிடைக்கக்கூடியதற்கு மேல் ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. மற்ற இரண்டு வகைகளில் 6 முதல் 8 பேருக்கு ஒருவர். காயத்துக்குப் பிந்தைய நரம்பு வலிக்கென்றே நடத்தப்பட்டு 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ப்ரிகாபலின் போலி மாத்திரையைவிடத் தெளிவாக மேலானதாக இருக்கவில்லை. அதற்காக யாருக்கும் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. உங்களுக்குப் பயன்படுகிறதா என்பதை உங்கள் நோட்டுப் புத்தகம்தான் சொல்ல வேண்டும். ஒரு மருந்துக்குத் தாங்கக்கூடிய முழு அளவை எட்டிய பின்னும் குறைந்தது இரண்டு வாரம், மொத்தத்தில் 4 முதல் 8 வாரம் கொடுங்கள். வலப்பக்கத்தில் மாற்றமே இல்லையென்றால், மருத்துவரிடம் சொல்லி மெல்லக் குறைத்து அடுத்த வகைக்கு மாறுங்கள். மூன்று நாளில் "கேட்கவில்லை" என்று விடுவதும், கேட்காத மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவதும் ஒரே அளவு தவறு.

வலி ஒரு சிறிய இடத்தில் மட்டும் இருந்தால், குறிப்பாக முதியவர்களுக்கு, 5 சதவீத லிடோகெய்ன் பட்டை நல்ல தேர்வு. நாளில் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும், புண்ணில்லாத தோலில் மட்டும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் 8 சதவீதம் உள்ள பட்டையை மருத்துவமனையில்தான் ஒட்டுவார்கள். டிரமடால் இரண்டாம் வரிசை மருந்து; டுலோக்செட்டினோடு சேர்க்கும்போது எச்சரிக்கை தேவை. மார்ஃபின் போன்றவை கடைசியில், குறுகிய காலத்துக்கு.

வைட்டமின் மாத்திரைகள் பற்றியும் ஒரு வார்த்தை. பி12 குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது அவசியம். குறைவே இல்லாதவருக்கு அது வலி மருந்தாகாது. பி6 அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கூட்டு மாத்திரைகளின் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: உடம்பைத் திரும்பப் பழக்குவது

தொட்டால் வலிக்கும் தோலைத் தொடாமல் காப்பது இயல்பான உந்துதல். ஆனால் அது வலியை வளர்க்கிறது. முதலில் பட்டுத் துணி போன்ற மிக மென்மையான பொருள். வலி எல்லைக்கு வெளியே தொடங்கி, உள்நோக்கி வருடுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. அது பழகியதும் பருத்தி, பிறகு துவாலை, பிறகு சற்றுச் சொரசொரப்பானது. பயிற்சிக்குப் பின் சிறிது நேரம் வலி கூடினால் பரவாயில்லை. அடுத்த நாள்வரை நீடித்தால் ஒரு படி பின்வாங்குங்கள். திறந்த புண் இருக்கும்வரை இதைத் தொடங்கக் கூடாது.

அசைக்கவே முடியாத அளவுக்கு வலித்தால் கண்ணாடிப் பயிற்சி உண்டு. வலிக்கும் கை கண்ணாடிக்குப் பின்னால். நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அந்த நல்ல கையை மெல்ல அசைக்க வேண்டும். இழந்த உறுப்பில் வலிப்பவர்களுக்காக 1990களில் வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த முறை இது. இப்போது மற்ற வலிகளிலும் பயன்படுகிறது. எல்லோருக்கும் பலிக்காது என்றாலும், பிசியோதெரபி நிபுணர் காட்டித்தந்தபடி செய்தால் இழக்க அதிகம் இல்லை.

மரத்த தோலுக்குப் பாதுகாப்பு தேவை. வெந்நீரின் சூட்டை நல்ல கையால் பாருங்கள். ஐஸ் ஒத்தடம் வேண்டாம். பாதம் மரத்திருந்தால் தினமும் உள்ளங்காலைப் பார்த்துவிட்டே படுங்கள். புகைப்பவர்கள் நிறுத்துங்கள், நரம்புக்குப் போகும் ரத்தத்தை அது சுருக்குகிறது.

இரவில் தூங்காதவருக்கு மறுநாள் வலி கூடும். வலி கூடினால் மறுபடி தூக்கம் கெடும். மனத்தளர்ச்சியும் பயமும் இதில் சேர்ந்துகொள்ளும். மனநல ஆலோசகரிடம் போவது வலியைப் பொய்யென்று ஒப்புக்கொள்வதல்ல. வலியைச் சமாளிக்கும் பயிற்சியும் சிகிச்சையின் ஒரு பாகமே. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே யாரிடமாவது சொல்லி உதவி பெறுங்கள்.

தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல்

வலி நரம்பின் எல்லையைத் தாண்டிக் கை முழுதும் பரவி, தோல் நிறம் மாறி, மறு கையைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருந்து, வீக்கமும் வியர்வையும் கூடி, நகமும் ரோமமும் மாறத் தொடங்கினால், அது சிக்கலான பிராந்திய வலி நோயாக இருக்கலாம். பெரிய நரம்புக் காயமே இல்லாமல், மணிக்கட்டு முறிவுக்குப் பிறகும் வரும். இதற்கான அளவுகோல்கள் 2003-ல் புடாபெஸ்டில் கூடிய நிபுணர்களால் திருத்தி வகுக்கப்பட்டன. கட்டுப்போட்டு அசையாமல் வைப்பது இதை மோசமாக்கும். வலியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சீக்கிரமாக அசைக்கத் தொடங்குவதே அடித்தளம். சந்தேகம் வந்த வாரத்திலேயே வலி சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள்.

ஏழாம் படி: ஊசி, அறுவை, மின்தூண்டல்

ஒரு நரம்பில் மட்டும் வலி நிற்கிறதென்றால், அதைச் சுற்றி மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி அப்போது மறைந்தால் மூலம் அங்கேதான் என்பதும் உறுதியாகும். முடிச்சாகிவிட்ட நரம்பு நுனியை வெறுமனே வெட்டினால் திரும்ப முடிச்சாகலாம். அதனால் அந்த நுனியை அருகிலுள்ள தசையின் நரம்போடு இணைத்து, அதற்குப் போக ஓரிடம் கொடுக்கும் அறுவை முறை இப்போது இருக்கிறது. தழும்பில் சிக்கிய நரம்பை விடுவிப்பதும், தொலைவில் அறுந்த நரம்புக்குப் பதிலாகப் பக்கத்து நரம்பின் ஒரு கிளையைத் தசையோடு இணைப்பதும் உண்டு. கடைசியில் சொன்னது 1 மில்லிமீட்டர் கணக்கைச் சுருக்கும் வழி. அதற்கும் காலக்கெடு உண்டு.

மருந்துகள் எதுவும் எடுபடாதபோது, தண்டுவடத்துக்கு அருகே மெல்லிய மின்முனையைப் பதித்து மின்தூண்டல் தரலாம். 1967-ல் முதலில் மனிதருக்குப் பொருத்தப்பட்ட முறை இது. நிரந்தரமாகப் பதிக்கும் முன் சில நாட்கள் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்கள்; அந்த நாட்களில் நோட்டுப் புத்தகத்தின் வலப்பக்கத்தை இன்னும் கவனமாக நிரப்புங்கள்.

மருந்தை எப்போது குறைப்பது

வலி தணிந்து சில மாதங்கள் நிலையாக இருந்தால் குறைத்துப் பார்க்கலாம். எந்த மருந்தையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலி பாய்ந்து திரும்புவதோடு தூக்கமின்மை, பதற்றம், வியர்வை எல்லாம் வரலாம். ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும், ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக இறக்குங்கள். வலி திரும்பினால் கடைசியாக நன்றாக இருந்த அளவுக்குப் போய், சில மாதங்கள் கழித்து மறுபடி முயலுங்கள். இடப்பக்கக் கணக்கை மட்டும் அதற்குப் பிறகும் மூடிவிட வேண்டாம். மாத்திரை நின்ற பின்னும் கையின் பலமும் உணர்ச்சியும் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருக்கலாம், அதற்கான பயிற்சியும் தொடர வேண்டும்.